தவமணி அக்கா வெளியேறிய நேரம்

வேலையை விட்டு நாலு மாதம். ஒன்பது வருசம் ஒரே கந்தோரில் இருந்துவிட்டு முப்பத்திநாலு வயதில் எழும்பி வந்தால் அதை ஓய்வு என்று சொல்லலாமோ தெரியாது. அம்மா அப்படித்தான் சொல்கிறா. நாரந்தனையில் எங்கள் ஒழுங்கையால் போகிற ஆரைக் கண்டாலும், "உவ எங்கட வீட்டுப் பென்சன்காரி, பென்சன் மட்டும் இல்லை" என்று என்னை அறிமுகப்படுத்துகிறா. நின்ற இடத்தில் நிற்க ஏலாத ஆள் நான். ஒன்பது வருசம் நின்றதே பெரிய காரியம்.

போன கிழமை, என்னுடைய இடத்துக்கு வந்திருக்கிற இரண்டு பிள்ளைகளில் ஒருத்தி செய்தி அனுப்பியிருந்தாள். பழைய சேர்வரை நிறுத்தப் போகிறார்களாம். அதிலுள்ள பதிவுகள் எல்லாம் புதிய அமைப்புக்குப் போகவேண்டும். புதிய அமைப்போ வெறுமையான கட்டம் ஒன்றைக் கண்டாலும் முழுவதையும் திருப்பி அனுப்பிவிடுகிறதாம். "அக்கா, நெடுந்தீவுப் பதிவுகளில கனக்க இடத்தில 'வெளியேறிய நேரம்' வெறுமையாக் கிடக்கு. கடைசியா ஆள் இருந்த நேரத்தைப் போட்டு நிரப்பி விடட்டோ? ஒரு பின்னேர வேலை தான்."

"நிரப்ப வேண்டாம்" என்று உடனே பதில் போட்டேன்.

"ஏன் அக்கா?"

கைத்தொலைபேசியில் தட்டி முடிக்கிற ஏன் அல்ல அது. நானும் ஒருகாலம் அதே கட்டங்களை ஒரு பின்னேரத்தில் நிரப்பினவள். ஒரு மனுசியின் வேலை அதனால் போகப் பார்த்தது. அதனால் இதை இருந்து எழுதுகிறேன்.

எங்கள் வேலையை வெளியாட்களுக்குச் சொல்வது கஷ்டம். தீவுகளில் எங்கள் நிறுவனத்தின் சேவை நிலையங்கள் இருந்தன. படிவம் நிரப்ப, பிறப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க, வெளிநாட்டிலிருக்கிற பிள்ளைக்குக் கடிதம் அனுப்பச் சனம் வரும். அதே இணைப்பில் சில பள்ளிக்கூடங்களும் வாசிகசாலைகளும் தொங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு இடத்திலும் ஒரு சின்னப் பெட்டி. நீங்கள் பெயரையும் பாஸ்வேர்டையும் போட்டால், அந்தப் பெட்டி தானாக முடிவெடுக்காது. யாழ்ப்பாணத்திலுள்ள எங்கள் சேர்வரைக் கேட்கும். சேர்வர் மூன்று விசயம் பார்க்கும். இது ஆர்? இவருக்கு எதை எதைத் திறந்து விடலாம்? இவர் எப்போது வந்து எப்போது போனார்? மூன்றாவதைத்தான் நாங்கள் பதிவு என்று சொல்வது. அந்தச் சேர்வரும் அதன் மூன்று கேள்விகளும்தான் என்னுடைய பொறுப்பு.

படித்த காலத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை. கம்பஸில் நாலு வருசம், கொழும்பில் ஒரு கம்பனியில் ஆறு மாதம், ஒரு சான்றிதழ், பிறகு எனக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணம். அந்த எண்ணத்தோடுதான் பத்மநாதன் சேருக்கு முன்னால் போய் நின்றேன்.

சேர் எங்கள் பிரிவின் பொறியியலாளர். மெல்லிய ஆள். குரலும் மெல்லியது. ஆரையும் ஏசிக் கண்டதில்லை. ஆனால் ஒரு தாளைக் கையில் எடுத்தால் முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை வாய்க்குள் வாசிப்பார். அந்த நேரம் முன்னால் நிற்கிறவருக்கு வேர்க்கும். பாஸ்வேர்ட் மாற்றுவதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. தொலைபேசியில் ஒருபோதும் மாற்றக்கூடாது. ஆளை நேரில் காணவேண்டும். அடையாள அட்டையை வாங்கி, படத்தையும் முகத்தையும் இரண்டு தரம் பார்ப்பார். இரண்டு பிரதியில் ஒரு படிவம். பிறகு கதிரையை அந்த ஆளிடம் விட்டுவிட்டு எழும்பிச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுவிடுவார். சுவரில் கலண்டர் தொங்கினால் அதைச் சத்தமாக வாசிப்பார். "வியாழக்கிழமை பிரதோசம். வெள்ளிக்கிழமை லீவு." விசைகள் தட்டுப்படுகிற சத்தத்தைக் கூடக் கேட்கக் கூடாது என்பதற்காக அந்த வாசிப்பு. "முடிஞ்சுது சேர்" என்று அந்த ஆள் சொன்னால்தான் திரும்புவார்.

முதல் தரம் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு பாஸ்வேர்டுக்காகக் குறிகட்டுவானுக்கு பஸ் எடுத்து, அங்கே படகேறி, மூட்டைகளுக்கு நடுவில் குந்தியிருந்து, உப்புத் தண்ணியில் நனைந்து போவதா? பத்து விநாடியில் இங்கிருந்தே மாற்றலாமே என்று கேட்டேன்.

"மாத்தலாம்" என்றார். "ஆருக்கு மாத்தினனீர் எண்டு தெரியாது. அவ்வளவு தான்."

நான் வந்து மூன்றாம் மாதம் நயினாதீவில் ஒரு கூத்துச் செய்தேன். அங்குள்ள நிலையத்தில் ஐந்து பேர் ஒரே பெயரில் உள்ளே போகிறார்கள் என்று பதிவிலிருந்து கண்டுபிடித்தேன். எனக்குப் பெரிய சந்தோசம், கள்ளனைப் பிடித்தது மாதிரி. ஒரு பெயரில் ஒரு நேரத்தில் ஒரு ஆள்தான் என்று சேர்வரில் ஒரு வரி மாற்றினேன். அது திருவிழாக் காலம் என்பதை யோசிக்கவில்லை. அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்கு, நிலையப் பொறுப்பாளர் கருணாகரன் அண்ணையின் அழைப்பு.

"பிள்ளை, வாசலில சனம் கோயில் தேருக்கு நிக்கிற மாதிரி நிக்குது. எங்கட ஐஞ்சு பேரில ஒராள் தான் உயிரோட இருக்கலாம் எண்டு உங்கட மிசின் சொல்லுது. ஆரெண்டு நீரே சொல்லும், மற்ற நாலு பேரும் வீட்டை போறம்."

சேர் என்னை அந்த வரியைத் திருப்பிப் போடச் செய்தார். பிறகு அடுத்த படகுக்கு இருவரும் போனோம். ஐந்து பேருக்கும் தனித்தனிப் பெயர், ஐந்து தரம் சுவர்ப் பக்கம், ஐந்து தரம் கலண்டர். அங்கு வேலை செய்த ஒரு தம்பி மட்டும் முறைத்துக்கொண்டு நின்றான்.

"எனக்கேன் சேர் தனிப் பேர்? நான் என்ன செய்யிறன் எண்டு இருந்து பாக்கவோ?"

"ஓம், பாக்கத்தான்" என்றார் சேர். "நீர் செய்யாத ஒண்டை நீர் செய்தனீர் எண்டு ஆரும் சொன்னால், அண்டைக்கும் பாக்கலாம்."

தம்பி போய்க் கதிரையில் இருந்தான். திரும்பி வருகிற படகில் நான் அந்த வசனத்தை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். பிறகு வந்த நாலைந்து வருசம் வேறு ஆட்களுக்கு அதை என்னுடைய வசனம் மாதிரிச் சொல்லியும் இருக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

இனி நெடுந்தீவு.

புங்குடுதீவுக் கரையிலிருந்து நெடுந்தீவுக்கு எங்கள் இணைப்பு கடலுக்கு மேலால் வானொலி அலையில் போகும். இந்தப் பக்கம் ஒரு கோபுரத்தில் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். காற்று அடித்துக் கடல் கொந்தளித்தால் அதற்குப் பிரச்சினை இல்லை. காற்று விழுந்து கடல் கண்ணாடி மாதிரிக் கிடந்தால்தான் பிரச்சினை. அலை தண்ணியில் பட்டுத் தெறித்து, நேரே வருகிற அலையோடு மோதி, இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். சோழகக் காற்றுப் பிறக்க முன்னம், பங்குனி சித்திரை வெயிலில், மத்தியானத்தில் இணைப்பு செத்துப்போகும். பின்னேரம் காற்று வந்தால் தானாக உயிர் வரும்.

இதை எனக்குச் சொல்லித் தந்தது எந்தப் புத்தகமும் இல்லை. நெடுந்தீவு நிலையத்தைத் தனி ஆளாக நடத்திய தவமணி அக்காதான். புங்குடுதீவு ஆள். விடியப் படகில் போய்ப் பின்னேரக் கடைசிப் படகில் திரும்புகிறவ. நாற்பத்தைந்து வயதிருக்கும். பெரிய சத்தத்தில் கதைப்பா. மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னம் தொலைபேசி அடித்தால் அவதான் என்று தெரியும்.

"பிள்ளை, கடல் தட்டையாக் கிடக்கு. இப்ப உங்கட லைன் போகப்போகுது, இருந்து பாரும்."

ஐந்து நிமிசத்தில் போய்விடும். நான், "காத்து வந்தா வரும் அக்கா" என்பேன். "உதைச் சொல்லத்தான் நீர் கம்பஸ் போய்ப் படிச்சனீரோ?" என்று சிரித்துவிட்டு வைத்துவிடுவா. இப்படி எத்தனையோ அழைப்பு. ஒன்றையும் நான் எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதுவதற்கு அதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

இணைப்புச் சாகும்போது பதிவுக்கு என்ன நடக்கும் என்பதுதான் இந்தக் கதையின் கரு. ஆள் உள்ளே வந்தால் பெட்டி சேர்வருக்கு "வந்தாச்சு" என்று சொல்லும். பிறகு பத்து நிமிசத்துக்கு ஒருக்கால் "இன்னும் இருக்கிறார்" என்று சொல்லும். ஆள் வெளியேறினால் "போயிட்டார்" என்று சொல்லும். நடுவில் கடல் இணைப்பைத் தின்றுவிட்டால் அந்தக் கடைசிச் செய்தி வராது. சேர்வரைப் பொறுத்தவரை அந்த ஆள் வந்தவர், போகவே இல்லை. வெளியேறிய நேரம் வெறுமை.

என்னுடைய நாலாவது வருசத்தில் புதுப் பணிப்பாளர் ஒருவர் வந்தார். மாதம் மாதம் அறிக்கை கேட்டார். வெறுமையான கட்டங்கள் அவருக்குப் பிடிக்கவில்லை. "இதென்ன பிள்ளை, உள்ள போனவை எல்லாம் உள்ளயே கிடக்கினம்?" என்று கேட்டுச் சிரித்தார். சேர் அப்போது ஒரு மாத லீவில் இருந்தார். நான் ஒரு பின்னேரத்தில், இரவுதோறும் தானாக ஓடுகிற ஒரு சின்னக் கணினி நிரல் எழுதினேன். முடிவு வராத ஒவ்வொரு பதிவையும் எடு. கடைசியாக "இன்னும் இருக்கிறார்" என்று வந்த நேரத்தை வெளியேறிய நேரமாகப் போடு. காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. அதையும் வெறுமையாக விட மனம் வரவில்லை. மற்ற வரிகளில் எல்லாம் இருந்ததையே போட்டேன்: "பயனர் தாமாக வெளியேறினார்."

அறிக்கை பளிங்கு மாதிரி இருந்தது. பணிப்பாளர் பாராட்டினார். நான் அன்றைக்குக் கந்தோருக்கே தேத்தண்ணியும் ரோல்ஸும் வாங்கிக் குடுத்தேன்.

சேர் லீவால் வந்து அறிக்கையை வாய்க்குள் வாசித்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"இந்த நேரம் எங்கயிருந்து வந்தது?"

"கடைசியாத் தெரிஞ்ச நேரம் சேர்."

"அப்ப 'கடைசியாத் தெரிஞ்ச நேரம்' எண்டு எழுதும். காரணத்தை எடுத்து விடும். அவர் தானாப் போனவரோ எண்டு எங்களுக்குத் தெரியாது."

"ஓம் சேர், மாத்துறன்."

அது ஆவணி மாதம். மாற்றினால் அறிக்கையின் தலைப்புகள் எல்லாம் குழம்பும், திரும்ப ஒரு நாள் வேலை. நாளைக்குச் செய்வம் என்று விட்டேன். பிறகு மறந்தேன். மறந்தேன் என்று எழுதுவது லேசாக இருக்கிறது. உண்மையில் இரண்டு மூன்று தரம் நினைவு வந்தது. ஒவ்வொரு தரமும் அதைவிடச் சுவாரசியமான வேறு வேலை ஒன்று இருந்தது.

சித்திரை முடிவில் நிர்வாகப் பிரிவிலிருந்து தாள்கள் கட்டின ஒரு கோவை வந்தது. நெடுந்தீவிலிருந்து ஒருவர் முறைப்பாடு எழுதியிருந்தார். மத்தியானத்தில் இரண்டு தரம் போனாராம், இரண்டு தரமும் நிலையம் பூட்டிக் கிடந்ததாம். நிர்வாகம் பதிவுகளை எடுத்துப் பார்த்திருக்கிறது. பங்குனியிலும் சித்திரையிலும் ஏழு நாட்கள், நிலையப் பொறுப்பாளர் மத்தியானத்துக்கு முன்னமே வெளியேறியிருக்கிறார். மத்தியானம் திரும்புகிற படகு ஒன்று இருந்தது. கணக்குச் சரி. தவமணி அக்காவுக்கு வேலை இடைநிறுத்தக் கடிதம் போய்விட்டது. விசாரணையில் நிரூபணமானால் வேலை நீக்கம். என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. ஏழு வரிகள் கொண்ட அச்சுத் தாளின் கீழே, "இவை எமது அமைப்பிலிருந்து பெறப்பட்ட உண்மையான பதிவுகள் என உறுதிப்படுத்துகிறேன்" என்று கையெழுத்துப் போடவேண்டும்.

பேனையைத் திறந்துவிட்டேன். எனக்கு அப்போதும் ஒன்றும் பிடிபடவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். தவமணி அக்காவோ இப்படிச் செய்தவ என்று மனதில் ஒரு சின்னக் கசப்புக்கூட வந்தது. பிறகு சேரின் பழக்கம் ஒட்டிக்கொண்டதாலோ என்னவோ, வரிகளை வாய்க்குள் வாசித்தேன்.

உள்ளே வந்தது எட்டு ஐம்பத்திரண்டு, பதினேழு விநாடி. வெளியேறியது பதினொன்று நாற்பத்திரண்டு, பதினேழு விநாடி.

அடுத்த நாள். வந்தது எட்டு ஐம்பத்தாறு, நாற்பது விநாடி. வெளியேறியது பதினொன்று இருபத்தாறு, நாற்பது விநாடி.

மனுசர் அப்படி வெளியேறமாட்டார்கள். வந்த விநாடியும் போன விநாடியும் ஒன்றாக, நடுவில் சரியாகப் பத்துப் பத்து நிமிசமாக. அது பெட்டி "இன்னும் இருக்கிறார்" என்று சொல்லுகிற நேரம். அது என்னுடைய நிரல் எழுதின நேரம். "பயனர் தாமாக வெளியேறினார்" என்பதும் நான் எழுதினது. தவமணி அக்கா போகவில்லை. என்னுடைய பின்னேர வேலை அவவைப் படகேற்றி அனுப்பியிருக்கிறது.

மிச்ச வரிகளையும் பார்த்தேன். ஆறு வரிகள் அப்படி. ஏழாவது, ஒரு வெள்ளிக்கிழமை. வந்தது எட்டு நாற்பத்தொன்பது, ஐந்து விநாடி. போனது பதினொன்று இருபத்தொன்று, முப்பத்தெட்டு விநாடி. அதை என்னுடைய நிரல் தொடவில்லை. அன்றைக்கு அவ உண்மையிலேயே வெளியேறியிருக்கிறா.

தாளைக் கொண்டுபோய் சேரின் மேசையில் வைத்துச் சொன்னேன். வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"போன ஆவணியில திருத்திறன் எண்டு சொன்னனீர்."

"ஓம் சேர்."

"நான் திரும்பப் பாக்கேல்லை. அது என்ர பிழை." கண்ணாடியைப் போட்டார். "அந்தந்த நாளில நெடுந்தீவில வேற ஆர் ஆர் உள்ள இருந்தவை எண்டு எடும்."

எடுத்தேன். அதை ஏன் நானே யோசிக்கவில்லை என்று இப்போதும் நினைப்பேன். அந்த ஆறு நாட்களிலும் பள்ளிக்கூட ஆசிரியர்கள், வாசிகசாலைக்காரர் என்று எட்டு ஒன்பது பேர் அதே இணைப்பில் இருந்திருக்கிறார்கள். அவர்களும் தவமணி அக்கா "வெளியேறின" நேரத்துக்குப் பத்து நிமிசத்துக்குள் தாமாக வெளியேறியிருக்கிறார்கள். ஆறு நாளும். கோபுரத்துத் தட்டின் சொந்தக் குறிப்பில் கடைசி நாலு நாட்களுக்குச் சமிக்ஞை விழுந்த நேரமும் கிடைத்தது. முந்தின இரண்டு நாளையும் இடம் போதாமல் அது அழித்துவிட்டிருந்தது. ஏழாவது நாள் தட்டு நன்றாக வேலை செய்திருக்கிறது. மற்ற ஒருவரும் வெளியேறவில்லை.

"சேர், ஆறு நாளைக் காட்டினாப் போதும் தானே?" என்று கேட்டேன். "ஏழு நாள் எண்டுதான் குற்றச்சாட்டு. ஆறு பிழையெண்டா முழுக்க விழுந்துபோகும். ஏழாவதைப் பற்றி ஒருத்தரும் கேக்கமாட்டினம்."

"ஏழு வரிக்குத் தானே கையெழுத்துக் கேட்டவை."

"அது எங்கட பிழையால வந்தது சேர். எங்கட பிழையால மாட்டின மனுசியை நாங்களே..."

"ஆறு எங்கட பிழை" என்றார். "அதை எழுதும், நல்லாத் தெளிவா எழுதும், உம்மட பேரையும் என்ர பேரையும் போட்டு எழுதும். ஏழாவதை நீர் மறைச்சால், நாளைக்கு ஆறையும் நீர் சோடிச்சனீர் எண்டு கேக்க ஆள் வரும். அப்ப அந்த மனுசிக்கு ஒண்டும் மிஞ்சாது."

அவர் சொன்னது சரி. எனக்கு அன்றும் அது பிடிக்கவில்லை. இன்றும் முழுதாகப் பிடித்துவிட்டது என்று சொல்லமாட்டேன்.

விசாரணை தலைமைக் கந்தோரில், பணிப்பாளரின் அறையில். நீள மேசை. பணிப்பாளர், நிர்வாக உத்தியோகத்தர், சேர், நான். எதிரே தவமணி அக்கா, மடியில் கைப்பை. எப்போதும் சத்தமாகக் கதைக்கிற மனுசி, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னா.

"நிலையம் பூட்டியிருந்ததோ?" என்று நிர்வாக உத்தியோகத்தர் கேட்டார்.

"ஓம் சேர். லைன் போனால் உள்ள இருந்து செய்ய ஒண்டும் இல்லை. நடக்க ஏலாத கிழடுகள் இருக்குதுகள், அவையின்ர வீட்டை போய்ப் படிவத்தைக் கையால நிரப்பிக்கொண்டு வாறனான், முடியக் கடைசிப் படகுக்கு நேரமாயிடும். அதுக்குப் பூட்டித்தானே போகோணும்."

"லைன் போனதுக்கு என்ன ஆதாரம்?"

அவ என்னைப் பார்த்தா. "உந்தப் பிள்ளைக்கு ஒவ்வொரு நாளும் அடிச்சுச் சொன்னனான்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அழைப்புகள் உண்மை, நான் ஒன்றையும் எழுதி வைக்கவில்லை என்றேன். பிறகு என்னுடைய தாளை வைத்தேன். விநாடிகளைக் காட்டினேன். அதே நேரத்தில் வெளியேறிய மற்ற எட்டு ஒன்பது பேரைக் காட்டினேன்.

பணிப்பாளர் தாளில் விரலை வைத்துப் பெயர்களை எண்ணினார். "இவ்வளவு பேரும் ஒரே நேரத்தில நெடுந்தீவை விட்டு வெளிக்கிட்டவையோ?"

"ஒருத்தரும் வெளிக்கிடேல்லை சேர். இணைப்புத்தான் போனது."

"அப்ப நான் மாதா மாதம் பாக்கிற அறிக்கை பொய்யோ?"

"பொய்யெண்டு இல்லை சேர்..." என்று தொடங்கினேன். பக்கத்தில் சேர் அசையாமல் இருந்தார். "ஓம் சேர். அந்த வரியள் பொய். நான் எழுதினது. பத்மநாதன் சேர் திருத்தச் சொன்னவர், நான் திருத்தேல்லை."

நிர்வாக உத்தியோகத்தர் பேனையால் ஏழாவது வரியைத் தட்டினார். "இது?"

இரவெல்லாம் படுக்கையில் கிடந்து இதற்கு ஒரு பதில் தயாரித்து வைத்திருந்தேன். நேர்மையாகவும் இருக்கவேண்டும், மெல்லியதாகவும் இருக்கவேண்டும் என்று ஒரு வசனம். அதைச் சொல்ல வாய் திறக்க முன்னம் தவமணி அக்கா சொன்னா:

"அது நான் தான். அண்டைக்குப் போனனான்."

மடியிலிருந்த கைப்பையை எடுத்து மேசையில் வைத்தா.

"மகளின்ர பள்ளிக்கூடத்தில விளையாட்டுப் போட்டி. அவள் நூறு மீற்றர் ஓடினவள். லீவு கேட்டால் நிலையத்துக்கு வேற ஆள் இல்லை எண்டு சொல்லுவியள். கேளாமலே போனனான்."

"கேட்டிருக்கலாமே" என்றார் பணிப்பாளர்.

"முந்தின வருசம் கேட்டனான் சேர்."

நிர்வாக உத்தியோகத்தர் அதையும் குறித்துக்கொண்டார்.

முடிவு இரண்டு கிழமையில் வந்தது. இடைநிறுத்தம் நீக்கம். ஏழாவது நாளுக்கு அரைநாள் லீவு வெட்டு, கோவையில் ஒரு எச்சரிக்கைக் கடிதம். எனக்கும் ஒரு எச்சரிக்கைக் கடிதம். சேர் தனக்கும் ஒன்று வேண்டுமென்று எழுதிக் கேட்டு வாங்கினார். கந்தோரில் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அன்றைக்கே நிரலை அழித்தேன். முடிவு தெரியாத வரிகளில் அதற்குப் பிறகு ஒன்றும் எழுதப்படவில்லை. பணிப்பாளருக்கு முகம் கொஞ்சம் சுருங்கியது, ஆனால் கேட்கவில்லை.

விசாரணை முடிந்த அன்று மாடிப்படியில் தவமணி அக்காவோடு கூட இறங்கினேன். என்ன சொல்வது என்று தெரியாமல், "மகள் வெண்டவளோ அக்கா?" என்று கேட்டேன்.

"மூண்டாமிடம்." இரண்டு படி இறங்கினா. "அந்த ஏழாவது வரி சரியெண்டு நீர்தானே எழுதிக் குடுத்தனீர்?"

"ஓம் அக்கா."

"ஆறுக்கு நன்றி பிள்ளை. ஏழாவதைப் பற்றி நான் ஒண்டும் கதைக்கேல்லை."

கோபமாகச் சொல்லவில்லை. குறிகட்டுவான் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று வேகமாக நடந்துவிட்டா.

அதற்குப் பிறகு மத்தியானத்தில் தொலைபேசி அடிப்பது நின்றுவிட்டது. இணைப்புப் போனால் ஒரு மின்னஞ்சல் வரும். திகதி, நேரம், "இணைப்பு இல்லை." அவ்வளவுதான். கடலைப் பற்றி ஒன்றும் இருக்காது. கைத்தொலைபேசியிலிருந்து அனுப்புகிறா என்று விளங்கியது. நான் ஒவ்வொன்றையும் பத்திரமாக ஒரு கோப்பில் சேர்த்தேன்.

ஆனி மாத அறிக்கையை எடுத்தபோது நெடுந்தீவுப் பக்கங்கள் வழக்கத்தைவிடத் தடிப்பாக இருந்தன. ஏதோ பழுது என்று நினைத்தேன். பார்த்தால், எல்லாம் தவமணி அக்காவின் பெயர். எட்டு ஐம்பதுக்கு உள்ளே. ஒன்பது பத்துக்கு வெளியே. ஒன்பது பதின்மூன்றுக்கு உள்ளே. ஒன்பது நாற்பதுக்கு வெளியே. ஒரு நாளைக்கு மட்டும் நாற்பத்தொரு வரி. ஒவ்வொன்றிலும் விநாடிகள் ஒழுங்கில்லாமல், மனுச விநாடிகளாக. ஒவ்வொன்றின் காரணமும் "பயனர் தாமாக வெளியேறினார்." இந்தமுறை அது முழு உண்மை.

சேரிடம் காட்டினேன். முழுவதும் வாசித்தார். "பிழை ஒண்டும் இல்லை" என்று திருப்பித் தந்தார். பிறகு யன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

நான் நெடுந்தீவுக்கு அழைத்தேன். கொஞ்சநேரம் மணி அடித்த பிறகுதான் எடுத்தா.

"அக்கா, பெட்டியில ஏதும் பிரச்சினையோ? ஒரு நாளில நாப்பத்தொரு தரம் வெளியேறியிருக்கிறியள்."

"பிரச்சினை ஒண்டுமில்லை பிள்ளை. தண்ணி குடிக்கப் போனால் வெளியேறுறன். வாசலில ஆரும் கூப்பிட்டால் வெளியேறிப்போட்டுப் போறன். வந்து திரும்ப உள்ள போறன்."

"அப்பிடிச் செய்யத் தேவையில்லை அக்கா. நிலையத்துக்குள்ள தானே நிக்கிறியள். உதையெல்லாம் ஒருத்தரும் கேக்கமாட்டினம்."

"நீர் இப்ப கேட்டனீர் தானே."

அறிக்கையை மூடி வைத்தேன். "வேற ஒண்டும் இல்லையெண்டா வைக்கிறன் பிள்ளை, சனம் நிக்குது" என்றா.

தொலைபேசியை வைத்தேன். எனக்கு முன்னால் திரையில் பதிவுகள் ஓடிக்கொண்டிருந்தன. நான் அழைத்த நிமிசத்துக்கு நேரே அவவின் பெயரில் ஒரு வெளியேற்றம் இருந்தது. தொலைபேசியை எடுக்க முன்னம் வெளியேறியிருக்கிறா. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் கீழே அடுத்த வரி விழுந்தது. தவமணி அக்கா உள்ளே வந்துவிட்டா.